பட்டை அகன்ற புலிகள்

புவனேஸ்வரத்தின் விளிம்பில், காஞ்சியா ஏரியை ஒட்டி இருக்கிறது நந்தன்கானன் உயிரியல் பூங்கா. அங்கே கறுப்புப் புலியின் அடைப்புக்கு முன்னால் வந்து நிற்பவர்களில் பாதிப் பேர் ஏமாந்துதான் நகர்கிறார்கள். கரிய நிறத்தில் பளபளவென்று ஒன்றை எதிர்பார்த்து வருகிறார்கள். உள்ளே உலவுவதோ கன்னத்தில் வெள்ளையும் காலில் செம்மஞ்சளும் வயிற்றோரத்தில் வழக்கமான வரிகளும் உள்ள புலி. முதுகும் விலாவும் மட்டுமே இருண்டிருக்கின்றன. "இதுவா கறுப்பு?" என்று ஒரு பெரியவர் காவலாளியிடம் கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன காவலாளி தலையை மட்டும் அசைத்தார்.

இன்னும் சற்று நேரம் நின்றால் விஷயம் பிடிபடும். இந்தப் புலியின் மேல் யாரும் கறுப்பைப் பூசிவிடவில்லை. இருந்த வரிகளே அகன்றிருக்கின்றன. மை ஊறும் தாளில் எழுதியதுபோல ஒவ்வொரு கோடும் இரு பக்கமும் பரவி, அடுத்த கோட்டைத் தொட்டு, அதோடு சேர்ந்துவிட்டிருக்கிறது. சேராமல் தப்பிய இடங்களில் செம்மஞ்சள் கீற்றுகளாகவும் பொட்டுகளாகவும் எட்டிப் பார்க்கிறது. புலி திரும்பி நடக்கும்போது தோல் மடிப்பு விரிய, அந்தக் கீற்றுகள் ஒரு கணம் பெரிதாகித் திரும்பவும் சுருங்குகின்றன. விஞ்ஞானிகள் இதைப் போலிக் கருமை என்கிறார்கள். புலியைப் பார்த்துப் 'போலி' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது நம் ஊர்க் கருஞ்சிறுத்தையை நினைத்துப் பார்த்தால் விளங்கும்.

நீலகிரியில் தேயிலைத் தோட்ட ஓரங்களில் அவ்வப்போது தட்டுப்படும் கருஞ்சிறுத்தை அசல் கருமை. மஞ்சள் நிறமியைத் தயாரிக்கச் சொல்லும் மரபணு அதில் பழுதடைந்திருப்பதால், புள்ளிகளுக்கு நடுவே உள்ள தரை நிறமும் கறுத்துவிடுகிறது. புள்ளிகள் அழிவதில்லை. பக்கவாட்டில் வெயில் விழுந்தால் கறுப்புக்குள் கறுப்பாகத் தெரியும். நந்தன்கானன் புலியில் நடந்திருப்பது வேறு. அதன் உடலில் கறுப்பும் பழுதில்லாமல் உருவாகிறது, மஞ்சளும் பழுதில்லாமல் உருவாகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லைதான் இடம் மாறியிருக்கிறது.

அந்த எல்லையை யார் போடுகிறார்கள் என்று 1952-இல் ஒரு கணித மேதை யோசித்தார். கணினியின் தந்தை என்று நாம் அறிந்த ஆலன் டூரிங்தான் அவர். உடலில் பரவும் இரண்டு வேதிப்பொருள்கள், ஒன்று தூண்டுவது, மற்றொன்று அதைத் தடுப்பது, வெவ்வேறு வேகத்தில் பரவினால் போதும். ஒரே சீரான பரப்பில் தானாகவே கோடும் புள்ளியும் திட்டும் எழும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அடுத்த 2 ஆண்டுகளில் அவர் இறந்துபோனார். உயிரியலாளர்கள் அந்தக் கட்டுரையை வெகுகாலம் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஜேம்ஸ் முர்ரே என்ற கணிதவியலாளர் அதை விலங்குகளின் தோலுக்குப் பொருத்திப் பார்த்து ஒரு வேடிக்கையான விதியைச் சொன்னார்: புள்ளி உடம்புக்காரனுக்கு வரி வால் இருக்கலாம், வரி உடம்புக்காரனுக்குப் புள்ளி வால் இருக்க முடியாது. வால் ஒடுங்கிய குழாய். அந்த இடுக்கில் புள்ளிகள் பக்கவாட்டில் பரவ வழியில்லாமல் வளையங்களாகிவிடுகின்றன. உயிரியல் பூங்காவுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். நான் பார்த்தேன். சிறுத்தையின் வால் நுனியை நெருங்க நெருங்கப் புள்ளிகள் வளையத்துக்கு மாறுகின்றன. புலியின் வாலில் முழுக்க வளையமே. கறுப்புப் புலியின் வாலிலும் வளையங்கள் உண்டு, இரண்டு மூன்றாகச் சேர்ந்து தடித்தபடி.

பூனைக் குடும்பத்தில் இந்தக் கோலம் பிறப்பதற்கு முன்பே, கருவில் ரோமம் முளைக்கும் முன்னரே தோலில் தீர்மானமாகிவிடுகிறது. பிறகு எந்த ரோமக்கால் கறுப்பை உண்டாக்கவேண்டும், எது மஞ்சளை என்பது அந்தத் திட்டப்படி நடக்கும். புலி வளர வளரக் கோடும் உடம்போடு வளரும், இடம் மாறாது. ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இல்லை. ஒரே புலியின் வலது விலாவும் இடது விலாவும்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

நந்தன்கானனுக்கு இந்த நிற விசித்திரங்களோடு பழைய உறவு உண்டு. 1980 ஜனவரியில் இங்கே தீபக், கங்கா என்ற சாதாரண நிறப் புலிகளுக்கு மூன்று வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. பின்னாளில் வெள்ளைப் புலியின் வயிற்றிலேயே அகன்ற கறுவரிக் குட்டிகளும் பிறந்தன. வெள்ளைக்குக் காரணம் ஒரு மரபணு, அகன்ற வரிக்குக் காரணம் இன்னொன்று. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மாற்றங்கள் ஒரே வம்சத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. ராஞ்சியிலும் நம் வண்டலூர் அறிஞர் அண்ணா பூங்காவிலும் பிறந்த கறுவரிப் புலிகளும் இதே வழி வந்தவைதான். இந்த மூன்று பூங்காக்களை விட்டால் உலகத்தில் இப்படிப்பட்ட புலி இருக்கும் ஒரே காடு சிமிலிபால். அதற்குத்தான் புறப்பட்டிருந்தேன்.

சென்னையிலிருந்து கல்கத்தாப் பக்கம் போகும் ரயில்கள் எல்லாம் கடக்கும் பாலசோரில் இறங்கினால், சிமிலிபாலுக்கு வாசலான பாரிபதா அறுபது கிலோமீட்டர் போல. பாலசோருக்குச் சற்று முன்னால் பஹானகா பஜார் நிலையம் வந்தபோது பெட்டிக்குள் பேச்சு தானாக நின்றது. 2023 ஜூனில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் தடம் புரண்ட இடம் அது. பாரிபதாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மயூர்பஞ்ச் மன்னர்களின் பழைய தலைநகரம், மாவட்டத்தின் தலைமையிடம், சௌ நடனத்துக்குப் பேர்போன ஊர். காலையில் பொரியோடு ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிடுகிறார்கள். முதலில் திகைத்தாலும், பொரி குழம்பில் ஊறி நொறுங்கும் அந்தப் பதம் நாக்குக்குப் பிடித்துவிடுகிறது. சந்தையில் இலைப் பொட்டலத்தில் முசுறு எறும்பு விற்கிறார்கள். இஞ்சி, பூண்டு, மிளகாய், உப்பு சேர்த்து அம்மியில் அரைத்தால் புளிப்பான சட்னி. 2024-இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. புலிக் கதை கேட்க வந்த எனக்கு முதலில் கிடைத்தது இந்தச் சட்னிக் கதைதான். எறும்புக் கூடு எந்த மரத்தில் எந்த உயரத்தில் இருந்தால் நல்லது என்று விற்ற அம்மாள் விவரமாகச் சொன்னார். புலியைப் பற்றிக் கேட்டதும், "அது உள்ளே இருக்கிறது" என்று முடித்துக்கொண்டார்.

உள்ளே என்பது 2,750 சதுர கிலோமீட்டர் புலிகள் காப்பகம். 1973-இல் புலிகள் திட்டம் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த முதல் ஒன்பது இடங்களில் ஒன்று. நடுப்பகுதியில் சுமார் 845 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்காவாக முறைப்படி அறிவித்தது 2025 ஏப்ரலில்தான். மழைக்காலம் முழுவதும் பூட்டிவிடுவார்கள். நான் போனது மாசியின் கடைசி. பாரிபதாப் பக்கத்து வாசலான பிதாபட்டாவில் அனுமதிச் சீட்டு வாங்கி, பதிவு பெற்ற வண்டியில், வழிகாட்டி ஒருவரோடு போகவேண்டும். ஓட்டுநரும் வழிகாட்டியும் இந்தியும் ஒடியாவும் கலந்து பேசினார்கள். எனக்குத் தெரிந்த இந்தி அவர்களுடையதைவிட மோசம் என்பதால் மூவருக்கும் சௌகரியமாகவே இருந்தது.

காடு முழுக்கச் சால மரம். மாசியில் அது பழுத்த இலைகளை உதிர்த்துக்கொண்டே இன்னொரு பக்கம் தளிர்விடுகிறது. வெயில் நேராகத் தரைக்கு இறங்கி, காய்ந்த இலைப் பரப்பில் மஞ்சளும் பழுப்பும் நிழலுமாகத் துண்டு துண்டாகக் கிடந்தது. இங்கே நின்று பார்த்தால்தான் வரியின் வேலை விளங்குகிறது. பூங்காவின் பச்சைப் புல்லில் அத்தனை பகட்டாகத் தெரிந்த உடம்பு, இந்தத் தரையில் இருபது அடியில் படுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. மான்களின் கண்ணுக்கு இன்னும் தெரியாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் திறன் அவற்றுக்கு இல்லை. புலியின் செம்மஞ்சள் அவற்றுக்கு இலையின் நிறமே. உடம்பு என்ற முழு உருவத்தைக் கோடுகள் துண்டாக்கிவிட்டால் போதும்.

சாஹாலாவில் மன்னர்களின் வேட்டை மாளிகையாக இருந்த இடத்துக்கு முன்னால் உப்புத்தரை இருக்கிறது. புள்ளிமான்கள் கூட்டமாக நின்றன. அவற்றின் வெள்ளைப் புள்ளிகள் முதுகெலும்பை ஒட்டிய வரிசையில் மட்டும் நேர்கோட்டில் சேர்ந்து, ஏறக்குறைய வரியாகிவிடுவதை அங்கேதான் கவனித்தேன். வழிகாட்டி சருகுமானைக் காட்டுவதாகச் சொல்லி ஓடைக்கரைப் புதரில் வெகு நேரம் தேடினார். முயல் அளவே உள்ள பிராணி, பழுப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டுகளும் கழுத்தில் பட்டைகளும் உள்ளது. அது இருந்ததா, ஓடியதா, தெரியவில்லை. புதர் அசைந்தது என்று இருவருமே ஒப்புக்கொண்டோம். காட்டுப்பன்றிக் குட்டிகள் நிச்சயமாகக் கண்ணில் பட்டன, தாய்க்குப் பின்னால் உடம்பெங்கும் நீளவாட்டில் கோடு போட்டுக்கொண்டு. சில மாதங்களில் அந்தக் கோடுகள் மறைந்து தாயைப்போல் ஒரே நிறமாகிவிடும். ஒளிந்து கிடக்கவேண்டிய வயதுக்கு மட்டும் கோடு.

புலி தட்டுப்படவில்லை. சிமிலிபாலில் தட்டுப்படும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதும் இல்லை. பரேஹிபானியில் கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரத்திலிருந்து இரண்டு படியாக நீர் விழுகிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் வழிகாட்டி மெல்லப் பேச ஆரம்பித்தார்.

கறுப்புப் புலி என்ற பேச்சு இந்தக் காட்டு ஊர்களில் எப்போதும் உண்டு. வெளியே யாரும் நம்பியதில்லை. கருஞ்சிறுத்தையைப் பார்த்துவிட்டுப் புலி என்கிறார்கள் என்றார்கள், அரையிருட்டில் பார்த்த மயக்கம் என்றார்கள். 1992-இல் தில்லியில் கடத்தல்காரரிடம் பிடிபட்ட ஒரு தோல் சந்தேகத்தைக் கிளப்பியது. உச்சந்தலையும் முதுகும் கறுத்து, விலாவில் மஞ்சள் கீற்றுகளோடு இருந்தது அது. மறு ஆண்டு ஜூலையில் சிமிலிபாலின் மேற்கே பொடகட் என்ற கிராமத்தில் ஒரு சிறுவன் தன்னைக் காத்துக்கொள்ள எய்த அம்பில் ஒரு பெண்புலி இறந்தது. தோலைப் பார்த்தபோது வரிகள் அகன்று கறுத்திருந்தன. அதன் பிறகுதான் வனத்துறைக் கோப்புகளில் கறுப்புப் புலி உறுதியாக ஏறியது.

இத்தனை காலம் ஏன் ஏறவில்லை? என் மனதில் வந்த விடை ஒன்று உண்டு. சிமிலிபாலின் முதல் கள இயக்குநர் சரோஜ் ராஜ் சௌதுரி. புலிகளைக் காலடித் தடத்தை வைத்து எண்ணும் முறையை 1960-களில் உருவாக்கியவர் அவர்தான். 1972-இல் நாடு முழுவதும் நடந்த முதல் புலிக் கணக்கெடுப்பே அந்த முறையில் நடந்தது. மண்ணில் பதிந்த தடத்தைக் கண்ணாடியில் வரைந்து, பிளாஸ்டரில் வார்த்து, இது இன்ன புலி என்று அடையாளம் சொல்வார்கள். காட்டைப் படிக்கத் தெரிந்த கலை அது, பழங்குடி வழிகாட்டிகளின் கண்ணை நம்பியது. ஆனால் தடத்துக்கு நிறம் கிடையாது. கறுப்புப் புலியும் மஞ்சள் புலியும் ஈர மணலில் ஒன்றுதான். அரசாங்கம் தரையையே பார்த்து எண்ணிக்கொண்டிருந்த முப்பது ஆண்டுகளில் ஊர்க்காரர்கள் மட்டும்தான் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2005-இல் ராஜஸ்தானின் சரிஸ்காவில் தடக் கணக்கில் புலிகள் இருக்கையிலேயே காட்டில் ஒன்றும் இல்லை என்பது வெளிப்பட்டு, அந்த முறை கைவிடப்பட்டது. அதற்குள் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த் தானியங்கிக் கேமராக்களை மரத்தில் கட்டி வரிகளை வைத்துப் புலிகளைப் பிரித்தறியும் வழியை நிலைநாட்டியிருந்தார். விலாவுக்கு விலா வரி வேறு என்பதால் பாதையின் இரு புறமும் ஒவ்வொரு கேமரா வைப்பார்கள். சிமிலிபாலில் அப்படி வைத்த கேமராவில் 2007-இல் கறுப்புப் புலி உயிரோடு விழுந்தது. எண்ணிக்கைக்காக வரியைப் பார்க்கத் தொடங்கியதால்தான் வரியின் கோளாறும் கண்ணில் பட்டது.

வழிகாட்டிக்குக் கேமராக்கள் மேல் அபார மரியாதை. அவற்றின் இடம் எது என்று என்னிடம் சொல்ல மறுத்துவிட்டார், சரியாகவே. 2023-இல் ஒரு மாத இடைவெளியில் இரண்டு வனப் பணியாளர்கள் இந்தக் காட்டில் வேட்டைக் கும்பல்களின் துப்பாக்கிக்குப் பலியாகியிருக்கிறார்கள். ஊர் பேர் தெரியாதவனிடம் எந்த மரத்தில் என்ன இருக்கிறது என்று அவர் ஏன் சொல்லவேண்டும்?

வரி இப்படி அகல்வதன் காரணத்தைக் கண்டுபிடித்தது பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் குழு. உமா ராமகிருஷ்ணனும் அவர் மாணவர் வினய் சாகரும் மற்றவர்களும் 2021-இல் வெளியிட்டார்கள். நந்தன்கானன், வண்டலூர் போன்ற பூங்காப் புலிகளின் குடும்ப மரத்தை வைத்து மரபணுத் தொகுதியைத் துழாவியபோது, டாக்பெப் என்ற ஒரு மரபணுவில் வந்து நின்றார்கள். அது உருவாக்கும் புரதத்தில் 454-ஆவது இடத்தில் ஹிஸ்டிடின் இருக்கவேண்டும். அகன்ற வரிப் புலிகளில் அங்கே டைரோசின் இருந்தது. வித்தியாசம் அவ்வளவே.

இந்த மரபணு அதற்கு முன்பே வேறு ஒரு கதையில் தலைகாட்டியிருக்கிறது. 1926-இல் அன்றைய ரொடீஷியாவில் புள்ளிகளுக்குப் பதிலாகப் பெரிய திட்டுகளும் முதுகில் நீளப் பட்டைகளும் உள்ள ஒரு சிவிங்கிப்புலி உலகத்துக்குத் தெரியவந்தது. லண்டனில் இருந்த போக்கக் என்ற விலங்கியலாளர் மறு ஆண்டே அதற்குத் தனி இனம் என்று பெயர் சூட்டிவிட்டார். ராஜ சிவிங்கி என்ற பட்டத்தோடு அது அரை நூற்றாண்டு உலவியது. 1981-இல் தென்னாப்பிரிக்காவின் டி வில்ட் மையத்தில் சாதாரணப் புள்ளித் தாய்க்கு அப்படி ஒரு குட்டி பிறந்ததும் தனி இனம் என்ற பேச்சு முடிந்தது. 2012-இல் அதன் காரணத்தைத் தேடியவர்கள் டாக்பெப்பில் வந்து நின்றார்கள். வீட்டுப் பூனைகளில் மெல்லிய வரிக்குப் பதிலாகச் சுருள் திட்டு வருவதற்கும் அதே மரபணுதான். பூனை, சிவிங்கி, புலி மூன்றிலும் பழுதான எழுத்து வெவ்வேறு. பழுதான பக்கம் ஒன்று. கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று கருவில் சொல்லும் வேலை அதற்கு.

ஆய்வில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது மரபணுவைவிட எண்கள்தான். காட்டில் புலியைப் பிடிக்காமல், எச்சமும் உதிர்ந்த ரோமமும் போன்றவற்றை மட்டும் சேகரித்துச் சிமிலிபாலின் 12 புலிகளைச் சோதித்திருக்கிறார்கள். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒரு புலிக்கு இரண்டு பிரதிகள், ஆக 24. அதில் 14 பிரதிகள் மாறியவை, அதாவது 0.58. மற்ற இடங்களைச் சேர்ந்த 395 புலிகளில் தேடியபோது ஒன்றில்கூட இல்லை. இது ஒடுங்கு பண்பு. இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் வரி அகலும். 0.58-ஐ அதனாலேயே பெருக்கினால் 0.34 வருகிறது. கேமராக்களில் விழுந்த சிமிலிபால் புலிகளில் கறுவரி உள்ளவை ஏறத்தாழ 37 சதவீதம். பள்ளிக்கூடத்துக் கணக்கும் காடும் இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போவதை நான் எதிர்பார்க்கவில்லை. 2023–24-இல் ஒடிசா அரசு எடுத்த கணக்கில் சிமிலிபாலின் 27 புலிகளில் 13 கறுவரி.

ஒரு பிரதி மட்டும் மாறியிருக்கும் புலியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாதாரண வரியோடு சாதாரணமாக நடக்கும். காட்டில் கறுப்பாகத் தெரிகிற புலிகளைவிடத் தெரியாமல் சுமக்கிற புலிகள் அதிகம் இருக்கலாம்.

உலகத்தில் எங்கும் இல்லாதது இங்கே மட்டும் ஏன் இவ்வளவு? இருண்ட காட்டில் இருண்ட உடம்பு வேட்டைக்கு உதவியிருக்கும் என்று சொல்லத் தோன்றும். வழிகாட்டியும் அதைத்தான் சொன்னார், அழகாகவும் சொன்னார். ஆய்வாளர்களின் கணக்குக்கு அந்த உதவி தேவைப்படவில்லை. சில புலிகளே மிஞ்சிய ஒரு காடு, அந்தச் சிலவற்றில் ஏதோ ஒன்றிடம் இந்த மாற்றம், வெளியிலிருந்து புது ரத்தம் வர வழியின்மை, தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே இணை சேர்தல். இவ்வளவு இருந்தால் அதிர்ஷ்டம் ஒன்றே போதும், அரிய பண்பு பெருகிவிடும். மரபியல் நகர்வு என்பது இதுதான். வடக்கே ஜார்க்கண்டின் காடுகளோடு சிமிலிபால் ஒரு காலத்தில் தொடர்ந்து கிடந்தது. நடுவில் சுரங்கம், ரயில், நெடுஞ்சாலை, வயல். ஊர்க்காரர்கள் பெருமையோடு காட்டும் அந்தக் கறுப்பு, காடு துண்டுபட்டதன் அளவு. அகன்ற வரியால் புலிக்கு நோவில்லை. அதே குறுகிய வட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத வேறு என்னென்ன கூடிப் பெருகியிருக்கும் என்பதுதான் கவலை.

மருந்து எல்லோருக்கும் தெரிந்ததே, வேறு காட்டிலிருந்து புலியைக் கொண்டுவருவது. ஒடிசாவுக்கு அதில் முன்னனுபவம் கசப்பானது. 2018-இல் சட்கோசியா காட்டுக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து கொண்டுவந்த ஜோடியில் ஆண் வேட்டைக்காரர்களின் கண்ணியில் செத்தது. பெண் ஊர்மக்களின் எதிர்ப்பால் கூண்டிலிருந்து கடைசியில் திரும்பிப் போனது. ஆனாலும் 2024 கடைசியில் மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத் என்று இரண்டு இளம் பெண்புலிகள் சிமிலிபாலுக்கு வந்தன. ஜமுனா தங்கிவிட்டது. ஜீனத் தங்கவில்லை. காட்டை விட்டு வடக்கே நடந்து ஜார்க்கண்டின் சாகுலியா, அங்கிருந்து மேற்கு வங்கத்தின் புருலியா, பாங்குரா என்று மூன்று மாநிலங்களை அலறவைத்து, டிசம்பர் 29 அன்று மயக்க ஊசிக்கு அடங்கியது. பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். தொலைக்காட்சிகள் அதைத் தப்பியோடிய கைதியாக்கின. எனக்கு அந்தப் பயணத்தில் வேறு செய்தி தெரிந்தது. வழி அடைபட்டுவிட்டது என்று வரைபடத்தில் நாம் எழுதிவைத்த இடத்தில் ஒரு மூன்று வயதுப் புலி நடந்து காட்டியிருக்கிறது. உள்ளேயிருந்து வெளியே போக முடிந்தால், வெளியேயிருந்து உள்ளே வரவும் முடியும், நாம் சும்மா இருந்தால்.

அன்று மாலை காட்டின் மேற்கு வாசல் வழியாக ஜஷிபூரில் இறங்கினோம். சௌதுரி இங்கேதான் கைரியை வளர்த்தார். 1974-இல் கைரி ஆற்றோரம் காரியா பழங்குடியினர் எடுத்துவந்து கொடுத்த பெண்குட்டி அது. 1981-இல் இறக்கும்வரை அவர் வீட்டில் கட்டிலிலும் முற்றத்திலும் உலவியது. அந்நாளைய பத்திரிகைகளில் எல்லாம் அதன் படம் வந்தது. கடைத்தெருவில் இன்றைய நாயகன் வேறு. சிற்றுண்டி விடுதி, வாடகைக் கார் நிலையம், கைப்பேசிக் கடை எல்லாவற்றின் பலகையிலும் கறுப்புப் புலி. வரைந்தவர்கள் நேரில் பார்த்திருக்க நியாயமில்லை. வரி என்ற பேச்சே இல்லாமல் முழுக்கக் கறுப்பு, இரண்டு மஞ்சள் கண்கள். 2024 ஜனவரியில் மாநில அரசு பாரிபதா அருகே 200 ஹெக்டேரில் கறுப்புப் புலி சஃபாரி ஒன்றை அறிவித்தபிறகு பலகைகள் பெருகிவிட்டன என்றார் ஓட்டுநர். அவருடைய வண்டிக் கதவிலும் ஒன்று இருந்தது.

தேநீர் குடிக்கும்போது அவர் கேட்டார், "ஜமுனாவும் கறுப்பு ஆணும் சேர்ந்தால் குட்டி என்ன நிறம், ஸார்?"

"எல்லாம் சாதாரண வரிதான்" என்றேன். "ஒவ்வொன்றும் ஒரு பிரதியைச் சுமக்கும், வெளியே தெரியாது."

"ஒன்றுகூடக் கறுப்பு வராதா?"

"அந்தக் குட்டிகள் வளர்ந்து, இன்னொரு சுமக்கிற புலியோடு சேர்ந்தால் வரலாம். முதல் ஈற்றில் வராது."

வழிகாட்டி எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து வந்த புலிகள் இங்கே நிலைத்துவிட்டால் கறுப்பு குறையும், அப்படிக் குறைவதுதான் காடு தேறுகிறது என்பதற்கு அடையாளம் என்று என் ஓட்டை இந்தியில் சொல்லிப் பார்த்தேன். ஓட்டுநர் சற்று நேரம் தன் வண்டிக் கதவைப் பார்த்தார்.

"இதை எழுதினவன் என் மச்சான்தான். கறுப்பு என்றால் ஒரே பூச்சு, அரை நாளில் முடித்துவிட்டான். வரி போடச் சொன்னால் முழு நாள் கூலி கேட்பான், அவ்வளவுதானே ஸார்" என்று சொல்லி, மூன்று தேநீருக்கும் காசு கொடுக்க எழுந்தார்.